பனிக்கடலில் கிடைத்த கீரை

“கீரையா? எனக்கு வேண்டாம்!” என்று தட்டைத் தள்ளும் குழந்தை உங்கள் வீட்டிலும் உண்டா? இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள்.

1596-ஆம் ஆண்டு வில்லெம் பாரன்ட்ஸ் என்ற டச்சு மாலுமி வழிகாட்ட, ஒரு கப்பல் வடதுருவக் கடல் வழியே சீனாவுக்குப் பாதை தேடிப் போயிற்று. நோவாயா ஜெம்லியா தீவருகே பனிக்கட்டிகள் அதைச் சிறைப்பிடித்துவிட்டன. கப்பலில் 17 பேர். கரையொதுங்கிய மரங்களால் குடிசை கட்டி, சூரியனே தலைகாட்டாத மாதங்களைக் கழித்தார்கள்.

1597 ஜூனில், மிஞ்சிய 15 பேரும் இரண்டு திறந்த படகுகளில் புறப்பட்டார்கள். கூரை கிடையாது. கொந்தளிக்கும் கடலில் ஆளும் நனைந்தான், ரொட்டியும் நனைந்தது. பனிக்கட்டி வழிமறித்தால் படகை அதன்மேல் ஏற்றி இழுக்க வேண்டும். நோயுற்றிருந்த பாரன்ட்ஸ் ஒரு வாரத்துக்குள் கண்ணை மூடினார்.

அலையைவிடக் கொடியது ஸ்கர்வி நோய். பச்சைக் காய்கறி காணாத உடம்பில் ஈறு வீங்கும், பல் ஆடும், கைகால் சோர்ந்துவிடும். துடுப்பை யார் பிடிப்பது?

ஜூலைக் கடைசியில் ஒரு தீவில் இறங்கினார்கள். ஆகா! கரண்டி வடிவ இலையுடன் ஒரு கீரை! கை நிறையப் பறித்துத் தின்றார்கள். பிஸ்கோத்தைக்கூடத் தின்ன முடியாதிருந்தவர்கள் மறுபடி தின்றார்கள். துடுப்புப் பிடிக்கத் தெம்பு வந்தது. அதில் இருந்தது வைட்டமின் சி என்பதை உலகம் அறிந்துகொண்டது 1930-களில்தான்.

கோலா என்ற ருஷ்யத் துறையில் ஒரு டச்சுக் கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டது. நவம்பர் 1-ஆம் தேதி, நரித்தோல் குல்லாயோடு 12 பேர் ஆம்ஸ்டர்டாம் வந்து சேர்ந்தார்கள்.

இன்று அந்தக் கடலுக்குப் பாரன்ட்ஸின் பெயர். ஒரு பிடி கீரை ஒன்றரை மாதம் முந்திக் கிடைத்திருந்தால், அவரும் வீடு திரும்பியிருப்பாரோ?