புயலும் தென்னந்தோப்பும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வங்காள விரிகுடாவில் புயல் உண்டாவது கடற்கரைக் குடியானவர்கள் யாவரும் அறிந்ததே. சமுத்திரத்தின் மேற்பரப்பு ஏறக்குறைய 26 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறியிருக்கையில் நீராவி மிகுதியாய் எழுந்து, உயரச் சென்று குளிர்ந்து மேகமாகின்றது. அப்பொழுது வெளிப்படும் உஷ்ணமே புயலுக்கு ஆகாரம். கீழே காற்றழுத்தம் குறையவே, சுற்றுப்புறத்துக் காற்று அவ்விடம் நோக்கி விரைந்து, பூமியின் சுழற்சியால் நேர்வழி விலகி இடஞ்சுழியாகச் சுழல்கின்றது. கரையேறியபின் நீராவி கிட்டாமையால் புயல் தளரும். தளருமுன் செய்யும் சேதமோ பெரிது.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே 'கஜா'ப் புயல், மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்துடன் கரை கடந்தது. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை ஜில்லாக்களில் லட்சக்கணக்கான தென்னைகள் வீழ்ந்தன. மேற்கு நோக்கி வரும் புயலின் மையம் கடக்கும் ஊரில் முதலில் வடகாற்று வீசும், நடுவே சிறிது அமைதி, பின்னர் தென்காற்று. முதற்காற்றில் வேர் நெகிழ்ந்த மரத்தை எதிர்க்காற்று எளிதில் சாய்த்துவிடும். அந்த அமைதியை நம்பித் தோப்பைப் பார்க்கப் புறப்படுவது உயிருக்கே அபாயம்.

தென்னைக்குக் குருத்து ஒன்றே. அது முறிந்தால் மரம் பிழைப்பதில்லை. குருத்து நலமாயுள்ள இளமரம் சாய்ந்திருப்பின், வேர் காயுமுன் நிமிர்த்தி, முட்டுக்கொடுத்து, அடியில் மண் அணைத்தால் பெரும்பாலும் தேறும். காயமுற்ற கொண்டைக்கு ஒரு சதவிகித போர்டோக் கலவை தெளித்தல் நன்று.

வீழ்ந்த மரங்களைப்பற்றியே கிராம அதிகாரிகளுக்கும் நிலச்சொந்தக்காரர்களுக்கும் தகராறு எழுவது வழக்கம். கஜாப் புயலுக்குப்பின் சர்க்கார் அறிவித்த உதவி, மரமொன்றுக்கு இழப்பீடாக ரூ. 600, வெட்டி அகற்ற ரூ. 500. கணக்கெடுக்குமுன் மரத்தை அகற்றினால் உதவி போய்விடுமோ என்று சொந்தக்காரர் அஞ்சுவதில் நியாயமுண்டு. ஆனால் மட்கும் மரத்தில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். காயம்பட்ட மரத்தைச் சிவப்புக் கூன்வண்டு நாடிவரும். தாமதித்தால் புயலுக்குத் தப்பிய மரங்களும் வண்டுக்கு இரையாகும். ஆதலின் அதிகாரிகள் மற்ற வேலைகளை ஒதுக்கியேனும் தோப்புத்தோப்பாகச் சென்று, சர்வே எண், மரங்களின் தொகை, வயது ஆகியவற்றை உடையவர் முன்னிலையில் குறித்துக்கொண்டு, மரங்களை அப்புறப்படுத்த உடனே இடங்கொடுக்க வேண்டும்.

புதிதாய் நடும் நெட்டை ரகக் கன்று காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் செல்லும். அதுவரை வரிசைகளுக்கிடையே நிலக்கடலை, உளுந்து, வாழை முதலியன பயிரிடலாம்.