உங்களுக்குத் தெரியுமா? கூடாரமும் காட்டோட்டமும்

பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் ஞாயிறு காலையில் ஓடுகிறவர்கள் காலடியில் கிடப்பது சாதாரணக் கருங்கல் என்றே நினைப்பார்கள். உலகப் புவியியல் நூல்களில் அதற்குச் 'சார்னோக்கைட்' என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்குப் போட்ட கல் இந்த வகை. புவியியலாளர் தாமஸ் ஹாலந்து சார்னாக்கின் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டார்.

★

அதே பல்லாவரத்தில்தான் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு அன்று தொடங்கியது. இந்த மண்ணில் வெறுங்காலோடு ஓடியவர்களின் வரலாறு அவ்வளவு நீளம்!

★

மேடவாக்கம் அருகே நன்மங்கலம் காப்புக்காடு சுமார் 320 ஹெக்டேர். நாலு பக்கமும் அடுக்குமாடிகள் நெருக்க, நடுவே களா, காரை, சூரை என்று முட்புதர்க்காடு. கைவிடப்பட்ட கல்குவாரியின் பாறை இடுக்குகளில் கொம்பன் ஆந்தை வாழ்கிறது. இரவில் நெற்றி விளக்கோடு கூட்டமாக ஓடினால் அதன் வேட்டை கெடும். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது 1882ஆம் ஆண்டு வனச்சட்டப்படி குற்றமும்கூட. என்னைக் கேட்டால், நன்மங்கலத்தை ஓட்டப்பந்தயத் தடமாக்கவே கூடாது. ஊருக்கு நடுவில் இவ்வளவு மிஞ்சியதே பெரிய விஷயம்.

★

1937இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரி நகரத்து நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்கு வந்தது. அதன் 365 ஏக்கர் வளாகத்தில் இன்றும் புதர்க்காடு நிற்கிறது. ரயில் நிலையத்துக்கு எதிரே இப்படி ஒரு காடு எத்தனை ஊருக்கு வாய்க்கும்?

★

காட்டில் கூடாரம் போட்டுத் தங்கி ஓடும் பந்தயங்களில் மிகக் கடுமையான ஒன்று, அமெரிக்காவின் டென்னசியில் 1986 முதல் நடக்கும் பார்க்லி மராத்தான். வீரர்கள் முகாமில் படுத்திருப்பார்கள். பந்தயம் எப்போது தொடங்கும் என்பது யாருக்கும் சொல்லப்படாது. சங்கு ஊதினால் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று பொருள். ஆமாம், நம் ஊர்ச் சங்கேதான்! ஐந்து சுற்று, 60 மணி நேரம். காட்டுக்குள் ஆங்காங்கே புத்தகங்களை ஒளித்து வைத்திருப்பார்கள். தன் எண்ணுக்குரிய பக்கத்தைக் கிழித்துக் கொண்டுவந்து காட்டினால்தான் அந்த வழியாகப் போனதாகக் கணக்கு. பல ஆண்டுகளில் ஒருவர்கூட முடித்ததில்லை. 2024இல் ஜாஸ்மின் பாரிஸ் முடித்தார். அவர் கால்நடை மருத்துவர், இரண்டு குழந்தைகளின் தாய். நேரம் முடிய 99 விநாடிகளே மீதமிருந்தன. அந்தப் பந்தயத்தை முழுதாக முடித்த முதல் பெண் அவர்.

★

ஏற்றத்தில் மூச்சு வாங்கும். ஆனால் மறுநாள் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார வைப்பது இறக்கம்தான். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. அதில் நுண்ணிய சிதைவு ஏற்படுகிறது. வலி ஓடிய அன்றைவிட அடுத்த இரண்டு நாளில்தான் உச்சத்துக்குப் போகும்.

★

வியர்வையோடு உப்பும் போகிறது. மணிக்கணக்காக ஓடும்போது வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம், வலிப்புவரை போகலாம். உப்புப் போட்ட நீர்மோரும் எலுமிச்சைச் சாறும் கைவசம் இருக்கட்டும்.

★

கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தரையில் தூங்குகிறவர்களைக் கடித்தால் பல சமயம் வலியே தெரியாது. அதனால்தான் அடித்தளம் சேர்த்துத் தைத்த கூடாரம் வேண்டும், ஜிப்பை முழுதாக இழுத்து மூட வேண்டும். காலையில் ஷூவை உதறாமல் மாட்டக் கூடாது. கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை அசைக்காமல் 108 வண்டியில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அங்கே போடும் விஷமுறிவு மருந்துக்கும் நம் பகுதிக்கும் ஓர் உறவு உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. 1978இல் தொடங்கியது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் எடுத்து மருந்து தயாரிப்பவர்களுக்குத் தருகிறார்கள். பாம்பை மறுபடி காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். எத்தனை உயிரை இவர்கள் காப்பாற்றியிருப்பார்கள்!

★

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். சென்னையிலிருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். 20க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கோடை தொடங்கும் நேரத்துக் காய்ந்த புல் எவ்வளவு வேகத்தில் பற்றும் என்பதை ஓட்டக்காரர்கள் மறக்கக் கூடாது.

★

குரங்கணித் தீக்குப் பின் மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் 14 மாவட்டங்களில் 40 தடங்களோடு தொடங்கியது. இணையத்தில் பதிவு செய்யலாம், உள்ளூர்க்காரர்களே வழிகாட்டிகள். தாம்பரத்துக்காரர்களுக்குப் பக்கம், திருவள்ளூர் மாவட்டத்தின் குடியம் குகைகள். எளிதான நடை. தடம் பழக அங்கே தொடங்கலாம். ஓட்டத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஓடினாலும் தங்கினாலும் வனத்துறை அனுமதி கையில் வந்த பிறகே பையைக் கட்டுங்கள். கிளம்பும்போது ஆரஞ்சுத் தோலைக்கூட அங்கே விடாமல் ஊருக்கு எடுத்து வாருங்கள்.