கடலில் சுங்கம் வசூலித்துக் கட்டிய கோட்டைகள்

நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடியைப் பார்த்திருக்கிறோம். லாரிகள் வரிசையாக நிற்கும். பணம் கட்டினால்தான் வழி கிடைக்கும்.

கடலிலே அப்படி ஒரு சுங்கச்சாவடி இருந்தது என்றால் நம்ப முடிகிறதா?

டென்மார்க் நாட்டில் இருந்தது. 1420-களில் தொடங்கி 1857-ம் ஆண்டு வரை, நானூறு ஆண்டுகளுக்கு மேல் கப்பல்களிடம் அங்கே வரி வாங்கினார்கள். அந்தப் பணம் நேராக மன்னரின் கைக்குப் போயிற்று. அந்த மன்னர்கள் எழுப்பிய கோட்டைகளும் அரண்மனைகளும் இன்றும் நிற்கின்றன. உலகம் முழுவதிலிருந்தும் மக்கள் போய்ப் பார்க்கிறார்கள்.

அந்த மன்னர்களில் ஒருவருக்கும் நம் தஞ்சைச் சீமைக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்தது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

ஹாம்லெட் கோட்டை

தலைநகர் கோபன்ஹேகனில் ரயில் ஏறி வடக்கே முக்கால் மணி நேரம் போனால் ஹெல்சிங்கோர் என்ற ஊர் வரும். அங்கே கடலை ஒட்டி நிற்கிறது குரோன்போர்க் கோட்டை. செம்புத் தகடு வேய்ந்த கூரை. காற்றும் மழையும் பட்டுப் பட்டு அந்தச் செம்பு பச்சை நிறமாகிவிட்டது.

கோட்டை மதிலில் நின்றால் எதிரே ஸ்வீடன் நாடு தெரியும். நடுவில் உள்ள கடல் சுமார் 4 கிலோ மீட்டர்தான். இந்தக் குறுகிய கடலுக்கு ஓரேசுண்ட் என்று பெயர். பால்டிக் கடலுக்குப் போகும் முக்கியக் கப்பல் வழி இதுதான். அந்தக் காலத்தில் இரண்டு கரைகளும் டென்மார்க் வசம் இருந்தன. கோட்டையில் பீரங்கிகளை நிறுத்தினார்கள். பணம் கட்டாமல் யார் தாண்ட முடியும்?

முதலில் இங்கு இருந்தது ஒரு சாதாரணக் காவல் கோட்டை. இரண்டாம் பிரெடரிக் மன்னர் 1574 முதல் 1585 வரை அதைப் பெரிய அரண்மனையாக மாற்றிக் கட்டினார். அதிலுள்ள நடன மண்டபம் மட்டும் 62 மீட்டர் நீளம்.

ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகக் கதை நடப்பதும் இந்த ஊரில்தான். கோட்டை முற்றத்திலேயே அந்த நாடகத்தை நடிக்கும் வழக்கம் உண்டு. 2000-ம் ஆண்டில் யுனெஸ்கோ இந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

பொய் சொன்னால் நஷ்டம்

வரி வாங்குவதில் ஒரு தந்திரம் செய்தார்கள். சரக்கின் மதிப்பு என்ன என்று கப்பல் தலைவரே சொல்லலாம். அதன் மேல்தான் வரி.

அப்படியானால் குறைத்துச் சொல்லிவிட மாட்டாரா? முடியாது. அவர் சொன்ன விலைக்கே சரக்கு முழுவதையும் வாங்கிக்கொள்ள மன்னருக்கு உரிமை இருந்தது. குறைத்துச் சொன்னால் சரக்கு போகும். கூட்டிச் சொன்னால் வரி ஏறும். உண்மையைச் சொல்வதுதான் லாபம்!

வந்த கப்பல் ஒவ்வொன்றையும் சுங்கக் குமாஸ்தாக்கள் பேரேட்டில் எழுதினார்கள். தலைவர் பெயர், அவர் ஊர், சரக்கு, கட்டிய தொகை எல்லாம் அதில் இருக்கும். இப்படி ஏறத்தாழ 18 லட்சம் கப்பல் பயணங்கள் பதிவாகியுள்ளன. அந்தக் குமாஸ்தாக்களின் பெயரை இன்று யார் நினைக்கிறார்கள்? ஆனால் அவர்கள் எழுதிய கணக்கு 2007-ம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பட்டியலில் ஏறியது.

எரிந்த அரண்மனை

ஹெல்சிங்கோரிலிருந்து உள்ளூர் ரயிலில் அரை மணி நேரம் போனால் ஹில்லரோட் என்ற ஊர். அங்கே ஏரிக்குள் மூன்று சிறு தீவுகளின் மேல் நிற்கிறது பிரெடரிக்ஸ்போர்க் அரண்மனை. செங்கல் சுவர்கள், உயர்ந்த கோபுரங்கள். தண்ணீரில் அதன் நிழல் விழுவதைப் பார்க்கவே கூட்டம் வருகிறது.

இதைக் கட்டியவர் நான்காம் கிறிஸ்டியன். சிறு வயதில் 1588-ல் பட்டத்துக்கு வந்து 1648 வரை, அறுபது ஆண்டுகள் ஆண்டவர். கட்டடம் கட்டுவதில் தீராத ஆசை. 1629-ல் குரோன்போர்க் தீப்பிடித்து எரிந்தபோது, கப்பல் சுங்கத்தை உயர்த்தித்தான் அதை மீண்டும் கட்டினார்.

பிரெடரிக்ஸ்போர்க் முற்றத்தில் ஒரு நீரூற்று இருக்கிறது. அதில் நாம் பார்ப்பவை நகல் சிலைகள். அசல் சிலைகளை 1659-ல் போரின்போது ஸ்வீடன் படை கொண்டுபோய்விட்டது. அவை இன்றும் ஸ்வீடனில்தான் இருக்கின்றன.

1859 டிசம்பரில் இந்த அரண்மனையும் எரிந்தது. உள்ளிருந்த சிற்றாலயம் தப்பியது. மற்றப் பகுதி பெரும்பாலும் பாழானது.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கப்பல் சுங்கம் நின்றுபோயிற்று. யாரிடம் வசூலிப்பது? இந்த முறை மக்கள் தாங்களாகவே நன்கொடை கொடுத்தார்கள். கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலை அதிபர் ஜேக்கப்சன் பெரும் பணம் கொடுத்தார். 1878-ல் அது தேசிய வரலாற்று அருங்காட்சியகம் ஆயிற்று. மன்னர் வாழ்ந்த அறைகளில் இன்று பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நடந்து போகிறார்கள்.

அடகுக்குப் போன கிரீடம்

கோபன்ஹேகன் நகருக்குள்ளேயே இருக்கிறது ரோசன்போர்க். இதையும் நான்காம் கிறிஸ்டியன்தான் 1606-ல் கட்டத் தொடங்கினார். தோட்டத்தின் நடுவே அமைந்த இந்த அரண்மனையின் நிலவறையில் டென்மார்க் அரச வம்சத்தின் கிரீடங்களும் நகைகளும் வைக்கப்பட்டுள்ளன. வெள்ளிச் சிங்கங்கள் மூன்று சிம்மாசனத்தைக் காவல் காக்கின்றன.

அங்கே இரண்டு பொருள்களை நின்று பார்க்க வேண்டும்.

ஒன்று, இரத்தக் கறை படிந்த உடை. 1644-ல் நடந்த கடற்போரில் மன்னர் கப்பல் தளத்தில் நின்றபோது காயம்பட்டு ஒரு கண்ணை இழந்தார். அன்று உடுத்தியிருந்த துணி அது.

மற்றொன்று, 1596-ல் அவர் முடிசூடிய தங்கக் கிரீடம். போரும் கட்டடங்களும் கஜானாவைத் துடைத்துவிட்டன. கடைசிக் காலத்தில் அந்தக் கிரீடத்தையே அடகு வைத்தார். மீட்காமலே இறந்துபோனார். மகன் பட்டத்துக்கு வந்த பிறகுதான் அது திரும்பி வந்தது.

உலகத்துக் கப்பல்களிடமெல்லாம் சுங்கம் வாங்கியவருக்கும் அந்த நிலைமை!

தரங்கம்பாடியில் குடித்தனம்

இப்போது தஞ்சைக்கு வருவோம்.

1616-ல் இதே மன்னர் டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்க அனுமதி கொடுத்தார். 1618-ல் கப்பல்கள் புறப்பட்டன. முன்னதாக வந்த கப்பலுக்கு 'ஓரேசுண்ட்' என்றே பெயர். காரைக்கால் அருகே போர்த்துக்கீசியர் அதை அழித்தனர். தப்பிய சிலர் தஞ்சை நாயக்க மன்னரிடம் அடைக்கலம் புகுந்தனர்.

1620 நவம்பரில் இரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை ஆயிற்று. தரங்கம்பாடியில் டேனியர்கள் கடலோரமாக டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்கும்வரை அந்த ஊர் அவர்களிடம் இருந்தது.

ஆனால் சும்மா கிடைக்கவில்லை. ஆண்டுதோறும் தஞ்சைக்குப் பணம் கட்ட வேண்டும். தன் வாசலைத் தாண்டியவர்களிடமெல்லாம் வரி வாங்கிய மன்னர், தமிழ் மண்ணில் வாடகைக்குக் குடியிருந்தவர்!

இரகுநாத நாயக்கர் அந்த மன்னருக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய ஓலை கோபன்ஹேகன் அரசு ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. சுங்கக் குமாஸ்தாக்களின் பேரேடுகளும் அதே காப்பகத்தில்தான் உள்ளன.

டென்மார்க் போகும் வாய்ப்பு எல்லோருக்கும் வராது. தரங்கம்பாடி பக்கத்தில்தான் இருக்கிறது. விடுமுறைக்கு மாயவரம் பக்கம் போகிறவர்கள் ஒரு நாள் ஒதுக்கினால் போதும். டான்ஸ்போர்க் மதிலில் பிள்ளைகளை நிறுத்தி, இதைக் கட்டச் சொன்ன மன்னர் கிரீடத்தை அடகு வைத்த கதையைச் சொல்லலாம்.