மயிலாப்பூரில் ஒரு 'வாக்கபிள்' வீடு

"எல்லாமே வாக்கபிள் டிஸ்டன்ஸ் சார்." மயிலாப்பூரில் வாடகை வீடு தேடிப் போன யாரும் தரகர் வாயால் இதைக் கேட்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள். பெரும்பாலும் உண்மையும்கூட. கபாலீசுவரர் கோயிலைச் சுற்றி நான்கு மாடவீதிகள். தெற்கில் காய்கறி, வடக்கில் நவராத்திரி வந்தால் கொலு பொம்மை. லஸ் பக்கம் போனால் நாகேஸ்வர ராவ் பூங்கா. திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறித் திருவான்மியூரில் இறங்கினால் டைடல் பார்க்குக்கு நடந்தே போய்விடலாம். பைக்கே வேண்டாம் என்று ஒரு குடும்பம் துணிந்து முடிவெடுக்கக்கூடிய பேட்டைகள் சென்னையில் அதிகமில்லை.

இந்த வசதிக்கான விலையை வீட்டுக்குள் கட்ட வேண்டியிருக்கும். புறநகரில் லிஃப்டும் கார் நிறுத்துமிடமும் சேர்த்துக் கிடைக்கும் வாடகைக்கு, இங்கே சந்துக்குள் இரண்டாவது மாடியும் ஒரு பைக் நுழையும் இடமும் கிடைத்தால் அதிர்ஷ்டம். அதனால் வீட்டைச் சுற்றிப் பார்க்கும் நேரத்தைவிடத் தெருவைச் சுற்றிப் பார்க்கும் நேரம் கூடுதலாக இருக்கட்டும். நாம் காசு கொடுப்பது முக்கால்வாசி தெருவுக்குத்தான்.

தரகர் காலை 11 மணிக்குக் கூட்டிப்போவார். தெரு சாதுவாக இருக்கும். மாலை 7 மணிக்குத் தனியாகப் போய் நடந்து பாருங்கள். நடைபாதையில் மின்வாரியப் பெட்டி, அதை ஒட்டி நாலு பைக், அதற்கடுத்துப் பூக்கடை. கைக்குழந்தையோடு எத்தனை முறை சாலையில் இறங்க வேண்டியிருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். மாதவரம்–சிறுசேரி, கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி ஆகிய இரண்டு மெட்ரோ தடங்களும் திருமயிலையில் பூமிக்கடியில் சந்திக்கும்படி திட்டமிட்டிருக்கிறார்கள். அந்த வேலைக்காக லஸ் பகுதியில் தடுப்புகள் வைத்ததில், செல்போன் வரைபடம் காட்டும் ஐந்து நிமிடம் காலுக்குப் பத்து நிமிடம் ஆனதுண்டு. வேலை முடிந்தால் சுற்று குறையும். வாடகை ஏறும் என்பதையும் இப்போதே எதிர்பார்த்துக்கொள்ளலாம்.

பறக்கும் ரயில் பக்கிங்காம் கால்வாயை ஒட்டி ஓடுகிறது. ஸ்டேஷனுக்குப் பக்கம் என்றால் கால்வாய்க்கும் பக்கம் என்று பொருள். சாயங்காலம் ஜன்னலைத் திறந்து பத்து நிமிடம் நில்லுங்கள், கொசு தானாக வந்து அறிமுகம் செய்துகொள்ளும். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்பதை வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். தெருமுனை அயர்ன் வண்டிக்காரரிடம் கேளுங்கள். குழாயில் வருவது மெட்ரோ வாட்டரா, போர் தண்ணியா, கோடையில் லாரி வந்தால் காசு யார் தலையில் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

இனி காகிதம். 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2017இல் இயற்றிய சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. ஓராண்டைத் தாண்டும் குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்பதால்தான் 11 மாத ஒப்பந்தம் என்ற வழக்கமே வந்தது. புதிய சட்டத்தில் 11 மாத ஒப்பந்தமும் தப்பாது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாகவும் வேண்டும். வீட்டுக்காரர் உள்ளே வந்து பார்க்க 24 மணி நேரத்துக்கு முன் அறிவிக்க வேண்டும். சண்டை என்றாலும் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்த முடியாது.

அட்வான்ஸ் கதை வேறு. பத்து மாத வாடகை என்பது சென்னையின் பழைய வழக்கம். சட்டம் மூன்று மாதம் என்கிறது. ஆனால், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாத வரைதான். அந்த ஓட்டை வழியாகத்தான் பத்து மாதம் இன்னும் உள்ளே வருகிறது. பேரம் பேசும் இடமும் அதுதான். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான கழிவு போக, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். 'பெயின்ட் அடிச்ச காசு' எவ்வளவு என்று சாவி வாங்கும் அன்றே எழுதி வாங்குங்கள், சுவர்களைப் போட்டோ எடுத்து வையுங்கள். தனி மீட்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் இலவசம். 'யூனிட்டுக்கு இவ்வளவு' என்று கையால் கணக்குப் போடும் வீடுகளில் அந்தச் சலுகை வாடகைதாரர் கைக்கு வருவது அபூர்வம்.

இத்தனையும் சரியாக அமைந்தாலும் "நீங்க என்ன ஆளுங்க?", "சைவம்தானே?" என்ற கேள்விகள் காத்திருக்கும். பேச்சிலர் என்றாலே பல கதவுகள் மூடிவிடும். 2017 சட்டத்தில் இதற்கு மருந்து இல்லை. நடந்து போகும் வசதி எல்லோருக்கும் பொது. அதற்குப் பக்கத்தில் குடியிருக்கும் வசதி அப்படியில்லை என்பது வெட்கப்பட வேண்டிய விஷயம்.

வீடு அமைந்து, அது மாடவீதியை ஒட்டியும் இருந்துவிட்டால், பங்குனியில் அறுபத்துமூவர் உற்சவத்தன்று வண்டியை வெளியே எடுக்க முடியாது. முதல் நாளே பாலும் காய்கறியும் வாங்கி வையுங்கள். நீங்கள் அழைக்காத உறவினர்கள்கூட அன்று உங்கள் வீட்டு பாத்ரூமைத் தேடி வருவார்கள்.