கட்டுச்சோறும் பள்ளி மணியும்

பணியின் நிமித்தம் வடக்கே வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களில், காலைப் பொழுதின் பெருங்கவலை எதுவென்று வினவினால், குழந்தையின் உணவுப் பெட்டி என்றே தாய்மார்கள் விடை கூறுவர். சொற்களை மொழிபெயர்ப்பதே எனது அலுவலாதலால், ஒரு சொல்லிலிருந்து தொடங்க நேயர்கள் இசைவார்களாக. 'டிபன்' என்றால் நமக்கு இட்லியும் உப்புமாவும் நினைவுக்கு வரும். தில்லியில் வளரும் குழந்தைக்கோ அது உணவைச் சுமந்து செல்லும் பெட்டியின் பெயர். பெயர் மட்டுமன்று, உண்ணும் வேளையும் இங்கே வேறு.

தலைநகரின் பல பள்ளிகள் காலை 7 மணிக்கும் 8 மணிக்கும் இடையே தொடங்கிவிடுகின்றன. பேருந்து அதற்கும் முன்னதாக வந்து நிற்கும். அரைத் தூக்கத்தில் ஒரு தம்ளர் பாலைக் குடித்துவிட்டு ஓடும் குழந்தை, இடைவேளை மணி அடிக்கும்போதுதான் பெட்டியைத் திறக்கிறது. நாம் மதிய உணவு என்று கட்டித் தருவது, உண்மையில் அதன் முதல் உணவு. இதை உணர்ந்துகொண்டால், எதைக் கட்டித் தருவது, எவ்வளவு தருவது என்னும் கணக்கே மாறிவிடும்.

அளவுக்கு ஒரு நல்ல உரைகல் உண்டு. அரசின் பள்ளி உணவுத் திட்டத்தில், ஐந்தாம் வகுப்பு வரையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும் வகுத்திருக்கிறார்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 700 கலோரி, 20 கிராம் புரதம். இளங்குழந்தைக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி என்பது அத்திட்டத்தின் அளவு. 100 கிராம் அரிசியில் புரதம் ஏறத்தாழ 7 அல்லது 8 கிராமே. எஞ்சியதைப் பருப்புதான் தர வேண்டும். வெறும் எலுமிச்சைச் சாதம் ஏன் போதாது என்பது இப்போது விளங்கும். அதில் ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ, பக்கத்தில் கொண்டைக்கடலைச் சுண்டலோ சேர்ந்தால் கணக்கு நேராகும். பழப்பாகு தடவிய இரண்டு ரொட்டித் துண்டுகள் இந்த அளவில் பாதியைக்கூட எட்டுவதில்லை.

இனித் தட்பவெப்பத்தைப் பார்ப்போம். ஊரிலிருந்து கொண்டுவந்த வழக்கங்கள் மிகுதியும் இடறுவது இங்கேதான். தை மாதக் குளிரில் ஓரிரவில் மாவு பொங்குவதில்லை. முந்திய பகலிலேயே அரைத்துக் கம்பளியால் போர்த்தி வைக்க வேண்டியிருக்கிறது. தேங்காயெண்ணெய் சுமார் 24 பாகை வெப்பத்திற்குக் கீழே உறைந்துவிடும். நெய்யும் அவ்வாறே. ஆகவே பெட்டியில் செல்லும் பண்டத்திற்கு நல்லெண்ணெயே ஏற்றது. தோசை ஆறியதும் தோல்போல் ஆவதற்குக் காரணம், வெந்த மாவுச்சத்து குளிர்ந்தபின் மீண்டும் இறுகுவதாகும். காரட்டும் பச்சைப் பட்டாணியும் சேர்த்துக் கனமாக வார்த்த அடை இவ்வளவு இறுகுவதில்லை. சூடுகாக்கும் பெட்டி வைத்திருப்போர், அதில் முதலில் கொதிநீரை ஊற்றிச் சற்று நேரம் வைத்துக் கொட்டிவிட்டு, அதன்பின் உணவை இடுவது நலம்.

வைகாசியில் நிலைமை நேர்மாறு. வெப்பம் 40 பாகையைத் தாண்டும் நாட்களில் தேங்காய்ச் சட்டினி இடைவேளைக்குள் ஊசிப்போகும். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி தாங்கும். தயிர்ச்சோற்றுக்கு நம் பாட்டிமார் கண்ட வழியே சிறந்தது. குழைந்த சோற்றை ஆறவைத்து, காய்ச்சி ஆறிய பாலை மிகுதியாக விட்டு, தயிர் ஒரு கரண்டி மட்டும் கலந்தால், உண்ணும் வேளையில் புளிப்பேறாமல் இருக்கும். முதல்நாள் இரவு வெளியிலேயே கிடந்த சோற்றை மட்டும் காலையில் தாளித்துக் கட்டித் தரலாகாது. சோற்றில் வளரும் ஒருவகை நுண்ணுயிரின் நஞ்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழ்வோர் குளிரைப் பற்றிக் கூறியதை ஒதுக்கிவிடலாம். வெப்பத்தைப் பற்றியதை விட வேண்டா.

வடநாட்டுக் கடைத்தெருவைக் கண்டு மலைக்க வேண்டுவதில்லை. உத்தராகண்ட மலைவாழ் மக்கள் 'மண்டுவா' என்று உண்பது நம் கேழ்வரகே. நோன்பு நாட்களில் இங்குள்ளோர் சமைக்கும் 'சமாக்' அரிசி நம் குதிரைவாலி. குளிர்காலத்தில் மலிவாகக் கிடைக்கும் 'பாஜ்ரா', கம்பு. உலகச் சிறுதானிய ஆண்டாக 2023 கொண்டாடப்பட்டபோது இவற்றின் பெயர் விளம்பரங்களில் நிறையக் கேட்டது. சமையலறைக்குள் எத்தனை வந்தன என்பது வேறு செய்தி. நாட்டில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேர் இரத்தசோகை உடையவர்கள் என்று 2019-21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. கம்பும் கீரையும் எள்ளும் பெட்டியில் இடம்பெறுவதற்கு இதனினும் வலிய காரணம் வேண்டுமா? இவற்றிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர எலுமிச்சையோ கொய்யாவோ நெல்லியோ துணை செய்யும். உணவோடு அருந்தும் தேநீர் அதைத் தடுக்கும்.

இத்தனையும் செய்த பின்னர் பெட்டி திறவாமலே திரும்பி வருவதும் உண்டு. கரோல்பாகில் வாழும் நண்பர் ஒருவரின் மகள், பக்கத்து மாணவியர் பெருங்காய மணத்தைக் கேலி செய்தார்கள் என்பதற்காக ஒரு வாரம் பட்டினியாகவே வீடு திரும்பினாள். தாயார் கடிந்துகொள்ளவுமில்லை, ரொட்டிக்கு மாறிவிடவுமில்லை. பெருங்காயம் சேராத பொடியில் புரட்டிய சின்னஞ்சிறு இட்லிகளை, பகிர்ந்துண்ணுமாறு, எண்ணிக்கையில் கூட்டியே வைத்தார். மெல்ல மெல்லத் தோழியரின் வெந்தயக்கீரைப் பராட்டா இவள் பெட்டிக்கும், இவளுடைய இட்லி அவர்கள் கைக்கும் மாறத் தொடங்கின.

பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை விற்கலாகாது என 2020ஆம் ஆண்டு விதி வகுக்கப்பட்டது. ஐம்பத்தோராவது மீட்டரில் கடை இருக்கத்தான் இருக்கும். வீடு திரும்பும் வழியில் கொறிக்க வறுத்த கடலையும் வெல்லத்துண்டும் ஒரு சிறு பொட்டலமாகப் பையில் இருந்தால், அக்கடையைக் கடந்து வருவது குழந்தைக்குச் சற்று எளிதாகும்.