உங்களுக்குத் தெரியுமா?

சென்னையில் குரோம்பேட்டைக்கு அடுத்த ஸ்டேஷன் பல்லாவரம். இந்திய வரலாற்றின் தொடக்கத்தையே பின்னுக்குத் தள்ளிய ஒரு கல் அங்கேதான் கிடைத்தது.

1863 மே 30. பல்லாவரம் ராணுவக் குடியிருப்பின் அணிவகுப்பு மைதானம். சரளைக்கல் வெட்டியெடுத்த பள்ளத்தில் கண்ணோட்டிக்கொண்டிருந்தார், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் ராபர்ட் புரூஸ் ஃபுட். இங்கிலாந்தின் செல்ட்டனம் ஊரில் 1834-இல் பிறந்தவர். செம்பூறாங்கல் சரளைக்கு நடுவே கிடந்த குவார்ட்சைட் கல் ஒன்றைக் கையில் எடுத்தார். விளிம்பைச் சுற்றிலும் சில்லுசில்லாகப் பெயர்த்து, பிடிக்கவும் வெட்டவும் வாகாகச் செய்திருந்தார்கள். இயற்கை அப்படிச் செதுக்காது. மனிதக் கைதான் செதுக்கும். பிரான்சின் சோம் ஆற்றங்கரைக் கற்கருவிகள் ஆதிமனிதர் செய்தவையே என்று அறிஞர்கள் ஒப்புக்கொண்டு நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே ஆண்டு செப்டம்பரில், நண்பர் வில்லியம் கிங்குடன் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்திலும் கருவிகளைக் கண்டார். அங்குள்ள கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-இல் வெளியான ஆய்வு சொல்கிறது!

ஃபுட்டின் மாமனார் யார் தெரியுமா? யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைகொண்டு பைபிளைத் தமிழாக்கியவரும், தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவருமான பீட்டர் பெர்சிவல்தான்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்த்த கருவிகளையும் மட்கல ஓடுகளையும் ஃபுட் 1904-இல் சென்னை அருங்காட்சியகத்துக்கு விற்றார். கடைசிக் காலத்தில் ஏற்காட்டில் உட்கார்ந்து அவற்றுக்கு விளக்கப் பட்டியல் எழுதினார். அது அச்சாகி வந்தது 1914-இல். அவர் 1912 டிசம்பரிலேயே காலமாகிவிட்டார்.