இசை ஒத்திசைவு உரிமம்

இசை ஒத்திசைவு உரிமம் என்பது, ஏற்கனவே உருவாக்கப்பட்ட ஓர் இசையை விளம்பரம், திரைப்படம், நிகழ்பட ஆட்டம், செயலி போன்றவற்றில் அசையும் படத்துடன் இணைத்துப் பயன்படுத்துவதற்கு, அவ்விசையின் உரிமையாளர் வழங்கும் அனுமதி ஆகும். படத்தின் ஓட்டத்தோடு இசையின் ஓட்டமும் பொருந்தி வருமாறு இணைக்கப்படுவதால் இது ஒத்திசைவு எனப்படுகின்றது. இசைத்துறையினர் இதனைச் சுருக்கமாகச் "சிங்க்" என்பர்.

இசைத்தட்டு வாங்குபவர் பாடலைக் கேட்பதற்காகப் பணம் செலுத்துகின்றார். விளம்பரதாரரோ, அப்பாடல் கேட்போர் மனத்தில் எழுப்பும் உணர்வைத் தமது பொருளோடு சேர்ப்பதற்காகப் பணம் செலுத்துகின்றார். ஆகவே இத்துறையில் பாடலுக்கென்று நிலையான விலை எதுவும் இல்லை. எதனுடன், எங்கே, எவ்வளவு காலம் இணைக்கப்படுகின்றது என்பதைப் பொறுத்தே அதன் மதிப்பு அமைகின்றது. குறித்த காலம் முடிந்தபின் உரிமம் புதுப்பிக்கப்படாவிடின், இசை நீக்கப்படுவதும், சில வேளைகளில் அது இடம்பெற்ற படைப்பே விற்பனையிலிருந்து மறைவதும் உண்டு.

இருவகை உரிமைகள்

பதிவு செய்யப்பட்ட ஒரு பாடலில் இரண்டு தனித்தனி உரிமைகள் அடங்கியுள்ளன.

முதலாவது, மெட்டும் வரிகளும் சேர்ந்த ஆக்கத்தின் உரிமை. இது இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும், அல்லது அவர்களிடம் இருந்து உரிமை பெற்ற இசைப் பதிப்பகத்துக்கும் உரியது. இரண்டாவது, அந்த ஆக்கத்தைப் பாடி, இசைத்துப் பதிவு செய்த மூல ஒலிப்பதிவின் உரிமை. இது பெரும்பாலும் ஒலிப்பதிவு நிறுவனத்திடம் இருக்கும்.

நாம் அறிந்த குரலிலேயே ஒரு பாடலைப் பயன்படுத்த வேண்டுமாயின், இவ்விரு உரிமையாளர்களின் அனுமதியும் வேண்டும். வேறொருவரைக் கொண்டு அதே பாடலைப் புதிதாகப் பாடிப் பதிவு செய்தால், முதலாவது அனுமதி மட்டும் போதுமானது. 2005 ஆம் ஆண்டு வெளியான "கிட்டார் ஹீரோ" என்னும் ஆட்டத்தில் பெரும்பாலான பாடல்கள் மூல ஒலிப்பதிவுகளாக அன்றி, வேறு கலைஞர்களால் மறுபடி இசைக்கப்பட்டவையாக இருந்தன.

ஓர் எளிய கணக்கின் மூலம் இதன் சிக்கலை விளங்கிக்கொள்ளலாம். ஒரு பாடலை மூவர் சேர்ந்து ஆக்கினர் என்றும், மூவரும் வெவ்வேறு பதிப்பகங்களைச் சேர்ந்தவர்கள் என்றும் கொள்வோம். ஒலிப்பதிவு நிறுவனத்தையும் சேர்த்து, அந்த ஒரு பாடலுக்கு 4 அனுமதிகள் தேவை. இத்தகைய 10 பாடல்களைக் கொண்ட ஆட்டத்துக்கு 40 அனுமதிகள் தேவை. ஒருவர் மறுத்தாலும் அந்தப் பாடலை மூல வடிவில் பயன்படுத்த இயலாது.

விலை அமையும் முறை

ஐக்கிய அமெரிக்காவில், ஏற்கனவே வெளியான பாடலை வேறொருவர் பாடி ஒலிவட்டாக வெளியிட விரும்பினால், சட்டம் வகுத்த கட்டணத்தைச் செலுத்தி அவ்வாறு செய்யலாம். உரிமையாளர் மறுக்க முடியாது. ஆனால் படத்துடன் இணைப்பதற்கு இத்தகைய கட்டாய உரிமம் கிடையாது. உரிமையாளர் எந்த விலையையும் கேட்கலாம். முற்றாக மறுக்கவும் செய்யலாம். இதனாலேயே ஒத்திசைவு உரிமத்தின் விலை முழுவதும் பேரத்தில் முடிவாகின்றது.

பேரத்தில் பொதுவாகக் கருத்தில் கொள்ளப்படுவன:

- பாடலின் புகழும், அதற்கு மாற்றாக வேறு பாடல் கிடைக்குமா என்பதும்
- பயன்படுத்தப்படும் நேர அளவு; பின்னணியிலா, முதன்மையாகவா என்பது
- ஒரு மாநிலம், ஒரு நாடு, உலகம் முழுவதும் என ஆட்சிப்பரப்பு
- தொலைக்காட்சி, வானொலி, இணையம் முதலிய ஊடகங்கள்
- உரிமத்தின் காலம்
- அதே வகைப் பொருளை விற்கும் வேறு நிறுவனத்துக்கு அப்பாடலைத் தரக்கூடாது என்னும் தனியுரிமை

ஆக்கத்தின் உரிமையாளருக்கும் ஒலிப்பதிவின் உரிமையாளருக்கும் ஒரே அளவு தொகை வழங்கவேண்டும் என்பது பல ஒப்பந்தங்களில் இடம்பெறும் நிபந்தனை. ஒரு தரப்பு கூடுதலாகப் பெற்றால், மறுதரப்புக்கும் அதே அளவு தொகை தரவேண்டும்.

விளம்பரங்களில்

தொடக்கக்கால வானொலி விளம்பரங்களில் இசை புதிதாகவே எழுதப்பட்டது. "ஜிங்கிள்" எனப்படும் விளம்பரப் பாட்டின் தொடக்கமாகப் பொதுவாகக் கூறப்படுவது, 1926 டிசம்பர் 24 அன்று மினியாப்பொலிசு வானொலியில் வீட்டீசு என்னும் தானிய உணவுக்காக நால்வர் பாடிய பாட்டு ஆகும். பாட்டு ஒலித்த வட்டாரத்தில் விற்பனை மற்ற இடங்களைவிட மிகுந்திருப்பதைக் கண்ட நிறுவனம், பின்னர் அதனை நாடு முழுவதும் ஒலிபரப்பியது.

விளம்பரத்துக்காக எழுதப்பட்ட இசை தனிப் பாடலாக வளர்ந்ததும் உண்டு. 1971 இல் கொக்கக் கோலா விளம்பரத்துக்காக ஆக்கப்பட்ட பாட்டு, பொருளின் பெயர் நீக்கப்பட்டு நியூ சீக்கர்சு குழுவினரால் பதிவு செய்யப்பட்டது; 1972 சனவரியில் பிரித்தானியாவின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. தமிழ்நாட்டில், ஏ. ஆர். ரகுமான் 1992 இல் "ரோஜா" திரைப்படத்தின் மூலம் அறிமுகமாகும் முன்னர் விளம்பர இசையமைப்பாளராகப் பணியாற்றினார். லியோ காப்பி விளம்பரத்துக்கான இசை அவருடைய அக்காலப் பணிகளுள் ஒன்று. 2002 இல் ஏர்டெல் நிறுவனத்துக்காக அவர் அமைத்த மெட்டு, அந்நிறுவனத்தின் அடையாளமாகவே ஆயிற்று.

புகழ்பெற்ற பாடல்களின் மூல ஒலிப்பதிவைப் பயன்படுத்தும் வழக்கம் 1980களில் பெருகியது. 1987 இல் நைக்கி நிறுவனம் பீட்டில்சு குழுவின் "ரெவல்யூசன்" பாடலைக் காலணி விளம்பரத்தில் பயன்படுத்தியது. ஒலிப்பதிவு உரிமை கேப்பிட்டல் நிறுவனத்திடமும், ஆக்கத்தின் உரிமை 1985 இல் அதனை வாங்கிய மைக்கேல் ஜாக்சனிடமும் இருந்தன. இரு தரப்பின் உரிமமும் பெறப்பட்டிருந்தது. எனினும் பீட்டில்சு குழுவின் ஆப்பிள் நிறுவனம் 1.5 கோடி டாலர் கோரி வழக்குத் தொடர்ந்தது. 1989 இல் நீதிமன்றத்துக்கு வெளியே உடன்பாடு ஏற்பட்டது. பாடலை ஆக்கியவர்களின் விருப்பமும் உரிமையாளரின் அனுமதியும் ஒன்றல்ல என்பதை இவ்வழக்கு பலருக்கும் உணர்த்தியது.

குரலுக்கும் தனி மதிப்பு உண்டு. பெட் மிட்லர் என்னும் பாடகி போர்டு மகிழுந்து விளம்பரத்தில் பாட மறுத்தபோது, ஆக்கத்தின் உரிமத்தை மட்டும் பெற்ற விளம்பர நிறுவனம், அவருடைய முன்னாள் துணைப் பாடகியை அவரைப் போலவே பாடச் செய்தது. புகழ்பெற்ற தனித்துவமான குரலை வணிக நோக்கில் போலி செய்வது தவறு என மேல்முறையீட்டு நீதிமன்றம் 1988 இல் தீர்ப்பளித்தது. விளம்பரங்களுக்குப் பாடுவதில்லை என்ற கொள்கையுடைய தொம் வெயிற்சு, தம் குரலைப் போலி செய்த சிற்றுண்டி நிறுவனமொன்றின்மீது தொடுத்த வழக்கிலும் வென்றார். 1992 மேல்முறையீட்டுத் தீர்ப்பு, 20 இலட்சம் டாலருக்கும் கூடுதலான இழப்பீட்டை உறுதி செய்தது.

மறுபுறம், விளம்பரம் மறக்கப்பட்ட இசையை மீட்டதும் உண்டு. நிக் டிரேக் 1972 இல் வெளியிட்ட "பிங்க் மூன்" அவர் வாழ்ந்த காலத்தில் மிகக் குறைவாகவே விற்பனையானது. அவர் 1974 இல் காலமானார். 1999 இல் வோக்சுவாகன் மகிழுந்து விளம்பரத்தில் இப்பாடல் இடம்பெற்ற பின்னரே அவருடைய இசைத்தொகுப்புகளின் விற்பனை பன்மடங்கு உயர்ந்தது.

உரிமக் காலம் கடந்த இசை

பதிப்புரிமைக் காலம் முடிந்த ஆக்கங்களுக்கு அனுமதி தேவையில்லை. டைட்டன் கடிகார விளம்பரங்களில் ஒலித்த இசை மொசார்ட்டின் 25 ஆவது சிம்பொனியைத் தழுவியது. நோக்கியா கைபேசிகளின் அழைப்பொலி, எசுப்பானிய கிட்டார் கலைஞர் பிரான்சிசுக்கோ தாரெகா 1902 இல் ஆக்கிய "கிரான் வால்சு" என்பதிலிருந்து எடுக்கப்பட்டது. 1989 இல் கேம் பாய் கருவியில் வெளியான டெட்ரிசு ஆட்டத்தின் மெட்டு "கொரோபெய்னிக்கி" என்னும் உருசிய நாட்டுப்பாடல். எனினும், ஆக்கத்தின் உரிமை முடிந்திருந்தாலும், அதனை அண்மையில் இசைத்துப் பதிவு செய்தவரின் ஒலிப்பதிவு உரிமை தனியே நீடிக்கும். மொசார்ட்டின் இசைக்கு அனுமதி வேண்டியதில்லை. அதனை வாசித்த இசைக்குழுவின் பதிவுக்கு வேண்டும்.

நிகழ்பட ஆட்டங்களில்

தொடக்கக்கால ஆட்டங்களில் பதிவு செய்த பாடலுக்கு இடமில்லை. 1978 இன் "ஸ்பேஸ் இன்வேடர்சு" ஆட்டத்தில் நான்கு சுரங்கள் மட்டும் திரும்பத் திரும்ப ஒலித்தன. எதிரிகள் விரைவாக நெருங்க, இசையும் விரைந்தது. 1985 இன் "சூப்பர் மாரியோ பிரதர்சு" ஆட்டம் முழுவதும் 40 கிலோபைட்டு அளவுடையது. அதற்குள் கோஜி கோண்டோ அமைத்த இசையை ஒலிச்சில்லு அந்தந்த நேரத்தில் உருவாக்கியது. இந்த இசை 2023 இல் ஐக்கிய அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. நிகழ்பட ஆட்ட இசையொன்று அதில் இடம்பெற்றது அதுவே முதன்முறை.

1990களில் ஆட்டங்கள் குறுவட்டில் வெளிவரத் தொடங்கியபின், கடைகளில் விற்கும் பாடல்களையே ஆட்டத்தில் சேர்க்க முடிந்தது. 1996 இன் "வைப்பவுட் 2097" ஆட்டத்தில் புரோடிசி, கெமிக்கல் பிரதர்சு போன்ற குழுக்களின் இசை இடம்பெற்றது. 2002 இன் "கிராண்ட் தெப்ட் ஆட்டோ: வைசு சிட்டி" ஆட்டத்தில் மகிழுந்து வானொலியில் 1980களின் பாடல்கள் ஒலித்தன. ஆட்டம் நிகழும் காலத்தை அப்பாடல்களே உணர்த்தின.

ஆனால் ஆட்டத்தில் இசைக்கு மற்றொரு பணியும் உண்டு. ஆடுபவர் எப்போது கதவைத் திறப்பார் என்பது எவருக்கும் தெரியாது. நிலைமைக்கேற்ப இசை தானே மாறவேண்டும். லூக்காசு ஆர்ட்சு நிறுவனத்தில் மைக்கேல் லாண்டு, பீட்டர் மெக்கானல் ஆகியோர் உருவாக்கி, 1991 இல் "மங்கி ஐலண்டு 2" ஆட்டத்தில் பயன்படுத்திய ஐமியூசு என்னும் நிரல் இதற்கு முன்னோடி. இன்று தாளம், தந்தி, குரல் என இசையைப் படலங்களாகப் பிரித்து, நிகழ்வுக்கேற்பச் சேர்த்தும் குறைத்தும் ஒலிக்கச் செய்வர். முடிந்த வடிவில் கிடைக்கும் பாடலை இவ்வாறு பிரிப்பது கடினம். ஆகவே ஆட்டத்துக்கென்றே இசையமைப்பாளர் அமர்த்தப்படுகின்றார். இவ்வகைப் பணிகள் பலவற்றில் ஒரு முறை தொகை வழங்கப்பட்டு, உரிமை முழுவதும் நிறுவனத்தைச் சேர்கின்றது. ஆட்டம் எத்தனை இலட்சம் படிகள் விற்றாலும் இசையமைப்பாளரின் வருவாய் கூடுவதில்லை.

உரிமம் முடியும்போது

விளம்பரம் சில மாதங்களில் மறைந்துவிடும். ஆட்டமோ பல ஆண்டுகள் விற்பனையில் இருக்கும். 2008 இல் வெளியான "கிராண்ட் தெப்ட் ஆட்டோ 4" ஆட்டத்திலிருந்து, உரிமக் காலம் முடிந்தமையால், 2018 இல் பல பாடல்கள் நீக்கப்பட்டன. ஏற்கனவே விலை கொடுத்து வாங்கியவர்களின் கணினிகளிலும் இற்றைப்படுத்தலின் போது அவை மறைந்தன. "ஆலன் வேக்" என்னும் ஆட்டம் 2017 மே மாதத்தில் இணையக் கடைகளிலிருந்தே நீக்கப்பட்டது. பாடல் உரிமங்கள் புதுப்பிக்கப்பட்ட பின்னர் 2018 அக்டோபரில் மீண்டும் விற்பனைக்கு வந்தது. இதனால், ஆட்டங்களைப் பண்பாட்டு ஆவணங்களாகப் பாதுகாக்க முனைவோருக்கு இசை உரிமம் ஒரு பெரிய தடையாக உள்ளது.

செயலிகளில்

பயனர்களே நிகழ்படம் ஆக்கும் செயலிகளில், ஒவ்வொரு நிகழ்படத்துக்கும் தனித்தனியே அனுமதி பெறுதல் இயலாது. எனவே செயலி நிறுவனங்கள் இசை நிறுவனங்களோடு மொத்த உரிமம் செய்துகொள்கின்றன. டிக்டாக் நிறுவனத்துக்கும் யுனிவர்சல் இசைக் குழுமத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் 2024 சனவரி 31 அன்று முடிவடைந்தபோது, அக்குழுமத்தின் பாடல்களைக் கொண்ட நிகழ்படங்கள் ஒலியிழந்தன. 2024 மே மாதத்திலேயே புதிய உடன்பாடு ஏற்பட்டது. உடற்பயிற்சி வகுப்புகளை ஒளிபரப்பும் பெலோட்டன் நிறுவனத்தின்மீது, உரிய ஒத்திசைவு உரிமம் இன்றிப் பாடல்களைப் பயன்படுத்தியதாக இசைப் பதிப்பகங்கள் 2019 இல் வழக்குத் தொடுத்தன; 2020 இல் சமரசம் ஏற்பட்டது.

சிறு செயலிகளை உருவாக்குவோர் பெரும்பாலும் இசை நூலகங்களையோ படைப்பாக்கப் பொதுமங்கள் உரிமத்தில் உள்ள இசையையோ நாடுகின்றனர். இங்கு இரு தவறான எண்ணங்கள் பரவலாக உள்ளன. "ராயல்டி இல்லாத இசை" என்பது இலவச இசை என்று பொருள்படாது. ஒரு முறை கட்டணம் செலுத்தியபின், ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனித்தொகை வேண்டியதில்லை என்பதே அதன் பொருள். படைப்பாக்கப் பொதுமங்கள் உரிமங்களிலும் வேறுபாடுகள் உள்ளன. "வணிகமல்லா" என்னும் நிபந்தனை உடைய இசையை வணிகச் செயலியில் சேர்க்க இயலாது. அசையும் படத்துடன் இசையை ஒத்திசைப்பது வழிப்பொருள் ஆக்கமாக அவ்வுரிமங்களில் வரையறுக்கப்பட்டுள்ளது. ஆகவே "வழிப்பொருள் கூடாது" என்னும் நிபந்தனை உடைய இசையை, மாற்றம் ஏதும் செய்யாவிட்டாலும், நிகழ்படத்தில் சேர்த்து வெளியிட இயலாது.

இந்தியச் சட்டத்தில்

1957 ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ், திரைப்படத்துக்காகப் பணம் கொடுத்து ஆக்கச்செய்த இசையின் முதல் உரிமையாளர், மாற்று ஒப்பந்தம் இல்லாவிடின், தயாரிப்பாளரே என உச்ச நீதிமன்றம் 1977 இல் தீர்ப்பளித்தது. 2012 ஆம் ஆண்டுத் திருத்தம் இந்நிலையைப் பெரிதும் மாற்றியது. திரையரங்கில் படத்துடன் ஒலிப்பது தவிர்ந்த ஏனைய பயன்பாடுகளில், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டி எனப்படும் உரிமைத்தொகையைச் சம பங்காகப் பெறுவர். இவ்வுரிமையை அவர்கள் ஒப்பந்தத்தின் மூலம் கைவிட்டாலும் அது செல்லாது.

இருவகை உரிமைகளைப் பற்றிய கேள்வி, தமிழ்ப் பாடல் ஒன்றின் மூலம் 2024 இல் பரவலாகப் பேசப்பட்டது. 1991 இன் "குணா" திரைப்படத்தில் இளையராஜா இசையமைத்த பாடல் ஒன்று "மஞ்சுமெல் பாய்ஸ்" என்னும் மலையாளத் திரைப்படத்தில் இடம்பெற்றது. தம் அனுமதி பெறப்படவில்லை என இளையராஜா அறிவித்தல் அனுப்பினார். இசை நிறுவனங்களிடம் உரிமை பெற்றதாகத் தயாரிப்பாளர் தரப்பு கூறியது. பாடலை வைத்திருப்பவர் யார், ஆக்கியவர் யார், இருவருள் யாரிடம் கேட்கவேண்டும் என்னும் இக்கேள்வி, நைக்கி வழக்கில் எழுந்த கேள்வியோடு பெரிதும் ஒத்தது.